யாருக்குப் பேர் போட்டார்கள்?
பழைய ஹொலிவூட் படங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியான ஓர் அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, மலையேறி இறங்கியிருந்தாலும் பேர் போடாவிட்டால் அன்றைய உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. மலையகப் பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சினிமாவும் ஒரு வகையில் செக்ரோல் மாதிரித்தான் என்பதை எனக்கு விளக்கியவர்களும் இவர்கள்தான்.

நோட்டன் பிரிட்ஜ் பகுதித் தோட்டமொன்றில் எங்கள் மகளிர் குழு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. பெரும்பாலோர் கொழுந்து பறிப்பவர்கள். இரண்டொருவர் வேலையிலிருந்து நின்றவர்கள். சிலர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னரும், 1983 க்குப் பின்னரும் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் போய்க் குடியேறின. அடிக்குப் பயந்து போன இடத்தில் யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. 2009 க்குப் பின் சிலர் சொந்தக்காரரைத் தேடி மீண்டும் இந்த மலைகளுக்கு வந்தார்கள். போகும்போது இருந்த எல்லோரும் வரும்போது இருக்கவில்லை.

அன்று கடும் மழை. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு அக்காவின் லயன் வீட்டில் ஒதுங்கினோம். கூரையில் டிஷ் பூட்டிய வீடு அது. தொலைக்காட்சியில் ஏதோ ஓர் அலைவரிசையில் காலை முதல் இரவு வரை பழைய ஹொலிவூட் படங்கள் போட்டார்கள். எல்லாம் இங்கிலீஷ். வீட்டுக்கார அக்காவின் மகள் சாதாரண தரம் படிக்கிறாள். அவள் கொஞ்சம், நான் கொஞ்சம் என்று கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். பாதி நேரம் சொல்லவே தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மின்சாரம் பிறக்கும் ஊர்

நோட்டன் பிரிட்ஜில் தொலைக்காட்சி பார்ப்பதிலும் ஒரு கதை இருக்கிறது. கெசல்கமு ஓயாவை மறித்து இங்கே கட்டிய அணையின் நீரில்தான் 1950 இல் பழைய லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு விமலசுரேந்திர மின் நிலையம் இங்கேயே இயங்கத் தொடங்கியது. அதன் வலு 50 மெகாவோட். நாட்டில் தொலைக்காட்சி ஆரம்பித்தது 1979 இல். 1982 இல் ரூபவாஹினி வந்தது. ஊருக்கெல்லாம் இங்கேயிருந்து கம்பிவழியே மின்சாரம் போனது. கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் எரிந்தது குப்பி விளக்குத்தான்.

"டவுனுக்குப் போயி கார் பெட்டரிய சார்ஜ் பண்ணி, தோள்ல தூக்கிட்டு வருவாங்க. பெட்டரி எறங்கிருச்சுன்னா படத்துல ஆளு சுருங்கிப் போயிருவாரு. முடிவு தெரியாமலே எத்தனையோ எம்.ஜி.ஆர். படம் பாத்திருக்கேன்" என்று ஒரு அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

குதிரையும் கித்தாரும்

காலையில் போட்டவை இரண்டும் பாடும் கௌபோய் படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கதாநாயகன் குதிரையில் வருவான், கித்தாரை எடுத்துப் பாடுவான், கெட்டவர்களைப் பிடிப்பான், மறுபடியும் பாடுவான். 1930 களில் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி. வேலையில்லாதவர்களும் வறட்சியில் நிலம் காய்ந்தவர்களும் சில சதங்களைக் கொடுத்து இந்தப் படங்களைப் பார்த்தார்கள். வானொலியில் பாடிக்கொண்டிருந்த ஜீன் ஓட்ரி 1935 இல் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' படத்தில் கதாநாயகனானார். 1938 இல் ரோய் ரோஜர்ஸ் வந்தார்.

நாங்கள் முதலில் பார்த்தது ரோய் ரோஜர்ஸின் முதல் பெரிய படமான 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'. அணை ஒரு கம்பனியின் கையில். வறட்சியில் மாடுகள் சாகின்றன. தண்ணீருக்காகப் பாடிப் பாடியே தேர்தலில் வென்று, தலைநகருக்குப் போகிறான் கதாநாயகன்.

"நம்ம எம்.ஜி.ஆரு 'மலைக்கள்ளன்'ல குதிரைல ஒக்காந்து பாடுவாரே, அதே மாதிரி" என்றார் பெட்டரி அம்மா. அவர் சொன்னது சரிதான். கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1954 இல் நடித்த அந்தப் படத்தில், ஏழைகளுக்காகக் குதிரை மேலிருந்து பாடுகிறார்.

ஆனால் வீட்டுக்கார அக்கா ஒரு கேள்வி கேட்டார். "இவன் பாடிக்கிட்டே இருக்கானே, மாட்ட பாத்துக்கிறது யாரு? மாடு யாரோடது?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. உண்மையான கௌபோய் ஒரு கூலியாள். 1860 களின் பிற்பகுதியிலிருந்து டெக்சஸ் மாநிலத்து மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் தூரம் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிப்போன மாதச் சம்பளக்காரன். மாடும் அவனுடையதல்ல, நிலமும் அவனுடையதல்ல. நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிக்கோக்காரர்களும் நிறைய. 1883 இல் டெக்சஸில் கூலி போதாதென்று கௌபோய்கள் வேலைநிறுத்தமும் செய்திருக்கிறார்கள்.

பாட்டு மட்டும் கற்பனையல்ல. இரவில் காவல் நின்றவர்கள் மாடுகள் மிரண்டு ஓடாமல் இருக்க மெதுவாகப் பாடிக்கொண்டே மந்தையைச் சுற்றி வருவார்கள். பாட்டும் அந்த வேலையில் ஒரு பகுதி. ஹொலிவூட் அந்தப் பாட்டை எடுத்து, வெள்ளைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தது. கறுப்பினக் கௌபோய் கதாநாயகனாகப் பாடுவதற்கு 1937 இல் ஹெர்ப் ஜெஃப்ரிஸ் நடித்த 'ஹார்லெம் ஒன் த ப்ரெய்ரி' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது படம் எங்கள் குழுவுக்கு நன்றாகப் பிடித்தது. 1939 இல் வந்த 'வோட்டர் ரஸ்லர்ஸ்'. இதில் பாடிக்கொண்டு குதிரையில் வருபவள் ஒரு பெண், டொரத்தி பேஜ். மேலே ஒருவன் அணை கட்டிப் பண்ணைகளின் தண்ணீரை மறிக்கிறான். அவள் பணியாமல் எதிர்த்து நிற்கிறாள். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வாழும் பெண்கள் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் டொரத்தி பேஜுக்கு இப்படி மூன்று படங்கள்தான் கிடைத்தன. அதோடு அந்த வரிசை நின்றுபோனது. ஜீன் ஓட்ரியையும் ரோய் ரோஜர்ஸையும் அமெரிக்காவில் இன்றும் பலருக்குத் தெரியும். இவளைத் தேடித்தான் அறிய வேண்டும்.

நம் மலையில் பாடியவர்

அதே ஆண்டுகளில் இந்த மலைகளில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார் என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். அவர் பெயர் மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, கூட்டம் கூட்டுவதே பெரும்பாடு. தோட்டத்துக்குள் வெளியாள் நுழையத் துரைமார் விடமாட்டார்கள். மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். பாட்டைக் கேட்டு ஆட்கள் சேருவார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பாட்டின் மூலம் தங்கள் உரிமையைத் தெரிந்துகொண்டார்கள். 1940 இல் தன் பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார்.

ரோய் ரோஜர்ஸ் படத்தில் பாடிய அதே காலத்தில், படப்பிடிப்பும் குதிரையும் இல்லாமல், மீனாட்சி அம்மாள் நிஜத்தில் பாடினார். எங்கள் குழுவில் ஒருவருக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. "அட்டன்லயா? நம்ம அட்டன்லயா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்.

துப்பாக்கியை வெறுத்த பெண்

பகலில் போட்டது 'ஹை நூன்'. உச்சிப் பகல் என்று பொருள். 1952 இல் வந்த இந்தப் படத்தின் பாட்டைப் பாடியவரும் ஒரு பழைய பாடும் கௌபோய்தான், டெக்ஸ் ரிட்டர். ஆனால் இதில் பாடுபவர் திரையில் வருவதில்லை. குரல் மட்டும் வருகிறது.

கதை எளியது. ஊரின் காவலதிகாரிக்கு அன்று கலியாணம். அவன் முன்பு பிடித்துக்கொடுத்த கொலைகாரன் பகல் 12 மணி ரயிலில் பழிவாங்க வருகிறான். ஊரில் ஒருவரும் உதவிக்கு வருவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. மணப்பெண் ஏமியாக நடிப்பவர் கிரேஸ் கெலி. ஏமியின் தகப்பனும் அண்ணனும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள். சரியான பக்கத்தில் நின்றும் செத்தார்கள். அதனால்தான் அவள் கொலையை ஏற்காத சமயத்தில் சேர்ந்தாள். "என்னோடு வந்துவிடு, இல்லாவிட்டால் நான் போகிறேன்" என்று கணவனிடம் சொல்கிறாள். ஆனால் கடைசியில் கணவனைக் காப்பாற்ற அவளே துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுடுகிறாள்.

படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வன்னியிலிருந்து வந்த ஒரு சகோதரி சொன்னார்: "அவ மொதல்லயே அழுதுகிட்டுச் சொன்னா, மிஸ். அப்பனும் அண்ணனும் செத்துட்டாங்கன்னு. யாரும் காதுல போட்டுக்கல. துவக்கத் தூக்குன பிறகுதான் அவளயும் ஒரு ஆளா காட்டுறான்."

பக்கத்தில் இருந்தவர் மறுத்தார். "புருசன் சாகப்போறான்னா என்னா செய்வா? நீயா இருந்தாலும் அதத்தான் செய்வே."

"செய்வேன். ஆனா அதுக்குப் பிறகு அவளுக்கு ராவுல தூக்கம் வருமா? அத அவன் காட்டலியே."

நான் குறுக்கிடவில்லை. யுத்தத்தின் நடுவே வாழ்ந்த ஒருவருக்கும் வாழாத ஒருவருக்கும் இடையில் நடந்த இந்தப் பேச்சு, நாங்கள் பல கூட்டங்களில் தொடத் தயங்கிய விடயம். ஒரு பழைய படம் அதை எடுத்துக் கொடுத்தது. வேறு யாருடையவோ கதையைப் பற்றிப் பேசும்போது தன் கதையைத் தனக்கு வேண்டிய அளவுக்குச் சொல்லலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஆலோசனை வேலை செய்பவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. அதேபோல் துப்பாக்கிச் சத்தம் வரும் இடங்களில் ஒருவர் எழுந்து குசினிக்குப் போனார். போகட்டும் என்று விட்டோம். இப்படியான படங்களை யாரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைத்துக் காட்டக் கூடாது.

நம் ஆற்றில் எடுத்த படம்

மாலையில் வந்தது 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்து, 7 ஒஸ்கார் விருதுகள் பெற்ற படம். கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில், படம் எடுத்தது நமது கித்துல்கலையில். நோட்டன் பிரிட்ஜைத் தாண்டி இறங்கும் கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் களனியின் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 இல் உண்மையான ரயில் ஒன்றை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்கள். "நம்ம ஆத்துத் தண்ணிதானே அது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் ரயில்பாதை போட்டார்கள். 1943 ஒக்டோபரில் அது முடிந்தது. படம் அதில் வேலைவாங்கப்பட்ட பிரித்தானியக் கைதிகளைப் பற்றியது. கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலைசெய்து, 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அந்தப் பாதையில் அவர்களைவிடப் பலமடங்கு கூடுதலாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். ஏறக்குறைய 90,000 பேர் என்பது மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், இவர்களோடு மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி இந்த மலைக்கு வந்த காலத்தில், அதே ஊர்களிலிருந்து மலாயாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

இந்தத் தமிழர்களின் கதை படத்தில் இல்லை. இறந்த கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் மயானம் இருக்கிறது. கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அப்படிப் பெயர்க்கல் இல்லை. மலாயாத் தோட்ட லயங்களில் காத்திருந்த அவர்களின் மனைவிமாருக்கு, இன்ன நாளில் இன்ன இடத்தில் செத்தார் என்று சொல்லவும் ஆளிருக்கவில்லை. மலேசியத் தமிழர் சிலரின் நீண்ட முயற்சியால் 2023 இல்தான் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இடையில் 80 ஆண்டுகள்.

படத்தில் ஓரிடம் வருகிறது. பாலத்தைத் தகர்க்கப் போகும் குழுவுக்குச் சுமைதூக்க ஆண்கள் இல்லை. கிராமத்து ஆண்களை ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அதனால் இளம் பெண்கள் முதுகில் சுமையோடு காட்டு வழியில் நடக்கிறார்கள். செங்குத்தான மலை. குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கொழுந்துக் கூட மாதிரியே இருக்கு" என்றார் ஒருவர்.

"இவங்களுக்குப் பேர் என்னா, மிஸ்?"

படத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை. 'சயாம் பெண்' என்று மட்டுமே. "அப்ப இவங்களுக்கு அரைப் பேர்கூடப் போடலியா?" என்று பெட்டரி அம்மா கேட்டார். நான் முன்பு சொன்ன செக்ரோல் பாடம் இதுதான்.

திரும்பிக் கிடைத்த பெயர்கள்

இன்னொரு செய்தியையும் நான் அவர்களுக்குச் சொன்னேன். அன்று பார்த்த 'ஹை நூன்', 'ரிவர் குவாய்' இரண்டிலும் ஒரே கை வேலை செய்திருக்கிறது. கார்ல் ஃபோர்மன் என்ற எழுத்தாளர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட் அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. 'ரிவர் குவாய்' திரைக்கதையை அவரும், அதே பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும் எழுதினார்கள். பெயர் போடவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார், மூலக்கதையைப் பிரெஞ்சு மொழியில் எழுதிய பியர் பூலுக்குப் போனது. 1984 இல்தான், இருவரும் இறந்த பிறகு, விருது அவர்கள் பெயருக்குத் திருத்தி வழங்கப்பட்டது.

"செத்த பிறகு பேர் குடுத்து என்னா பிரயோசனம்?" என்று ஒருவர் கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னவர் வன்னியிலிருந்து வந்த சகோதரிதான். "பிள்ளைகளுக்கு இருக்குல்ல" என்றார். பிறகு எழுந்து மழையோடு தன் வீட்டுக்குப் போய், ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார்.

2009 முதல் அவருடைய கணவரைப் பற்றித் தகவல் இல்லை. பையில் இருந்தவை அவருடைய கடதாசிகள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். தேசிய அடையாள அட்டைப் பிரதியில் வேறு எழுத்து. முறைப்பாடு எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிய மூன்றாவது பெயர். ஒரே மனிதர், மூன்று பெயர். போன இடமெல்லாம் "இது வேறு ஆள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் சேர்ந்து பல மாதமாகியும் அவர் இந்தப் பையைத் திறந்ததில்லை.

அன்று இரவு வந்த படத்தை நாங்கள் பார்க்கவில்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, கடதாசிகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்தினோம். அடுத்த வாரம் ஒரு சமாதான நீதவான் முன்னிலையில், இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தோம். இதனால் கணவர் கிடைத்துவிட மாட்டார். ஆனால் தேடும் கோவையில் இனி அவர் ஒரே ஆளாக, சரியான பெயரோடு இருப்பார்.

வாசகச் சகோதரிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் வீட்டுக் கடதாசிகளை எடுத்துப் பாருங்கள். உங்களுடைய, உங்கள் பிள்ளைகளுடைய, காணாமல் போனவருடைய பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா? தமிழில் ஒரு மாதிரியும் சிங்களத்தில் வேறு மாதிரியும் இருக்கிறதா? பிழை இருந்தால் இப்போதே கிராம உத்தியோகத்தரிடமோ உங்கள் பகுதி மகளிர் அமைப்பிடமோ காட்டித் திருத்த வழி கேளுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள். முறைப்பாடு எழுதும்போது எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். அது உங்கள் உரிமை.

இரண்டாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். அம்மாவின் பெயர், அம்மாச்சியின் பெயர், அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்தக் கிராமத்தில் வேலை செய்தார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். தாலாட்டாக இருக்கலாம், கொழுந்து மலையில் பாடிய தெம்மாங்காக இருக்கலாம், ஒப்பாரியாகவும் இருக்கலாம். எங்கள் குழுவின் கொப்பியில் இதுவரை 31 பெண்களின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் மீனாட்சி அம்மாளின் பெயரை எழுதச் சொன்னவர் பெட்டரி அம்மா. இரண்டாவது பெயர் அவருடைய தாயாருடையது.